வருமானச் சான்றிதழ் கேட்காத படிப்பு

தென்காசி–கொல்லம் தடத்தில் கண்டக்டராக இருப்பவனுக்கு இரண்டு மாநிலத்துச் சேதியும் தானாக வந்து சேரும். புளியரை தாண்டிக் கோட்டைவாசல் ஏறும்வரை தேங்காய் விலையும் குற்றாலத்துச் சீசனும் பேசுவார்கள். ஆரியங்காவு வந்துவிட்டால் பேச்சு கல்ஃபுக்கும் நர்சிங்குக்கும் போய்விடும். மகளோ மருமகளோ எங்கோ ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருப்பதைச் சொல்லாமல் இறங்கிய மலையாள அம்மாக்கள் என் வண்டியில் குறைவு.

மிலிட்டரி நர்சிங் என்று ஒரு படிப்பு இருப்பதே எனக்கு அந்த வண்டியில்தான் தெரிந்தது. 2018-ஆம் வருஷம், மழை பெய்துகொண்டிருந்த ஒரு மத்தியான சிங்கிள். கொட்டாரக்கரையில் ஏறிய ஒரு அம்மா மடியில் பிளாஸ்டிக் ஃபைலை அணைத்தபடி உட்கார்ந்திருந்தார். மீதிச் சில்லறை கொடுக்கப் போனபோது, என் பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று கேட்டார். மகள் பிளஸ் டூ, பயாலஜி குரூப் என்றேன். அவ்வளவுதான். தென்மலை அணை வரும்வரை அவர் பாதித் தமிழும் பாதி மலையாளமுமாகச் சொல்லிக்கொண்டே வந்தார். நாலு வருஷம் பிஎஸ்சி நர்சிங். ஃபீஸ் கிடையாது. சாப்பாடு, தங்குமிடம், யூனிஃபார்முக்குப் படி எல்லாம் ராணுவம் கொடுக்கும். மாதாமாதம் ஸ்டைபண்டும் உண்டு. படிப்பை முடித்தால் நேராக லெஃப்டினண்ட். பூனாவில் 40 இடம்; மும்பை, கல்கத்தா, டெல்லி, லக்னோ, பெங்களூரு என்று இன்னும் ஐந்து ஊர், எதிலும் நாற்பதுக்கு மேல் இல்லை. நாடு முழுவதுமிருந்து பிள்ளைகள் எழுதுவார்கள். "பட்சே, பாண்டு உண்டு சாரே," என்று கடைசியில் சேர்த்துக்கொண்டார். படிப்பு முடிந்தபின் அவர்களிடமே வேலை செய்வதாக எழுதிக் கொடுக்க வேண்டும்.

பாண்டு என்றதும் எனக்கு எங்கள் தெருப் பெண்தான் ஞாபகத்துக்கு வந்தாள். தனியார் கல்லூரியில் பாங்கில் கடன் வாங்கி நர்சிங் படித்தவள். வேலைக்குச் சேர்ந்த ஆஸ்பத்திரி அவளுடைய ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளை வாங்கி உள்ளே வைத்துக்கொண்டது. இரண்டு வருஷம் முடியாமல் கிடையாது. முன்னால் வேண்டுமானால் பணத்தைக் கட்டு. சம்பளமோ கடனுக்கு வட்டி கட்டவே போதவில்லை. 2011-12இல் கேரளத்தில் நர்சுகள் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக வேலைநிறுத்தம் செய்தபோது, சம்பளத்தோடு இந்தப் பாண்டும் ஒரு பெரிய விஷயமாகப் பேசப்பட்டது. அப்போது நான் அதே தடத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தேன். அதனால் அந்த அம்மா சொன்னதில் மற்றதெல்லாம் இனித்தது; அந்த ஒரு வார்த்தை மட்டும் தொண்டையில் நின்றது.

எங்கள் வீட்டு நிலைமை இரண்டுங்கெட்டான். வீட்டுக்காரி பீடி சுற்றுகிறாள். எங்கள் பக்கத்தில் முக்கால்வாசி வீடுகளில் முறமும் கத்தரியும் இருக்கும். பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மத்திய அரசின் உதவித்தொகை உண்டு. ஆனால் குடும்பத்து மாத வருமானம் பத்தாயிரத்தைத் தாண்டினால் கிடையாது. கண்டக்டர் சம்பளம் தாண்டிவிடும். தனியார் நர்சிங் கல்லூரிக்கு வருஷத்துக்கு ஒரு லட்சம் என்றால் அந்தச் சம்பளம் எட்டாது. கீழ்ப்பாக்கம் தேர்வுக் குழு நடத்தும் கவுன்சிலிங்கில் அரசுக் கல்லூரி கிடைத்தால் யோகம். ஆனால் பிஎஸ்சி நர்சிங் நடத்தும் அரசுக் கல்லூரிகளை அப்போது விரல் விட்டு எண்ணிவிடலாம். ஏழை என்று சொன்னால் நம்ப மாட்டார்கள், வசதி என்று சொன்னால் நாங்கள் நம்ப மாட்டோம்.

ஆகவே கண்ட இடத்திலெல்லாம் மனுப் போட்டோம். அதில் ஒரு அறக்கட்டளை நேர்காணலுக்குக் கூப்பிட்டது. அதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும்.

கல்யாண மண்டபம் ஒன்றில் வைத்திருந்தார்கள். இ-சேவை மையத்தில் பதிந்து, விஏஓ, ஆர்ஐ, தாசில்தார் என்று படியேறி வாங்கிய வருமானச் சான்றிதழை மேசைக்குப் பின்னால் இருந்த பெரியவர் புரட்டிப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார். பிறகு அச்சடித்த தாள் ஒன்றை எடுத்து வரிசையாகக் கேட்டார்.

"வீடு சொந்தமா?"

"எங்க அய்யா கட்டுனது சார்."

"மிக்ஸி இருக்கா?"

"இருக்கு சார்."

"கிரைண்டர்?"

"இருக்கு."

"ஃபேன்?"

"இருக்கு."

மூன்றுக்கும் டிக் விழுந்தது. அதுவரை வாய் திறக்காத என் மகள், "சார், மூணும் கவர்மெண்ட் குடுத்தது. எல்லா வீட்லயும் இருக்கு," என்றாள். அவர் நிமிர்ந்து பார்த்தார். சிரிக்கவில்லை. டிக்கையும் அழிக்கவில்லை. அடுத்து லேப்டாப் என்று கேட்டார். அதுவும் அப்போது பள்ளிக்கூடத்தில் அரசு கொடுத்து வந்ததுதான் என்பதை நாங்கள் சொல்லவில்லை. இன்னும் வரவில்லை என்று மட்டும் சொன்னோம்.

தேர்வானவர்கள் விழா மேடையில் குடும்பக் கஷ்டத்தை இரண்டு நிமிஷம் பேச வேண்டும் என்றும் சொன்னார். எங்களுக்கு முன்னால் போன பிள்ளை உள்ளேயே அழுதுவிட்டு வந்தாள். அவளுடைய அம்மா வராந்தாவில் அவள் முகத்தை முந்தானையால் துடைத்துவிட்டு, "நல்லாப் பேசுனியாட்டி?" என்று கேட்டதை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை. அந்த அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. கேட்பவர் கேட்பதைத்தானே கொடுக்க முடியும். பஸ் ஏறியபின் மகள், "யப்பா, இது கெடச்சாலும் வேண்டாம்ப்பா," என்றாள். கிடைக்கவும் இல்லை.

அதற்குப் பிறகுதான் ராணுவ விண்ணப்பத்தைச் சரியாகப் பார்த்தேன். பிரவுசிங் சென்டர் தம்பி ஒவ்வொரு பக்கமாக இறக்கிக் காட்டினான். பிறந்த தேதி, படிப்பு, இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலத்தில் மார்க், உயரம், திருமணம் ஆகவில்லை என்ற உறுதி. கடைசிவரை போய்விட்டு, "அண்ணே, இன்கம் கேக்கவே இல்லண்ணே," என்றான். இன்னொரு தடவை மேலே போய்ப் பார்க்கச் சொன்னேன். இல்லைதான். அப்பனுக்கு என்ன சம்பளம், வீட்டில் என்ன இருக்கிறது என்ற பேச்சே அதில் கிடையாது.

என் மகள் தமிழ் மீடியம். தேர்வு 90 நிமிஷம். ஆங்கிலம், உயிரியல், இயற்பியல், வேதியியல், பொது அறிவுத் திறன், எல்லாம் டிக் அடிக்கிற கேள்விகள். உயிரியல் டீச்சர் ஒரு வேலை செய்தார். தமிழ்ப் பாடப்புத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் பென்சிலால் ஆங்கிலச் சொல்லை எழுதி வைக்கச் சொன்னார். 'கணையம்' என்று அச்சாகியிருக்கும் இடத்துக்கு மேலே சின்னதாக 'பாங்க்ரியாஸ்'. தைராய்டு, நெஃப்ரான் போன்றவற்றுக்குத் தொல்லையில்லை. எலும்புகளுக்குத்தான் பேர் வாயில் நுழையவில்லை. வீட்டுக்காரி பீடிக்கு இலை வெட்டிக்கொண்டே, மகள் ஒப்பிக்கும் 'ஸ்கேப்புலா, கிளாவிக்கிள்' எல்லாம் கேட்டுக் கேட்டு, ஒரு நாள் தோள்பட்டை வலிக்கிறது என்பதற்கு "ஸ்கேப்புலா பிடிச்சிக்கிட்டு" என்றாள். அது 1200 மார்க் போய் 600 மார்க் வந்த முதல் பிளஸ் டூ பேட்ச். பள்ளிக்கூடமே புதுக் கணக்கில் குழம்பிக் கிடந்தபோது இவள் இந்தத் தேர்வையும் சேர்த்துச் சுமந்தாள்.

பொது அறிவுக்கு அவளே ஒரு நோட்டுப் போட்டாள். 1888இல் இங்கிலாந்திலிருந்து பம்பாயில் வந்து இறங்கிய பத்து நர்சுகளில் தொடங்குகிறதாம் இந்தியாவில் ராணுவ நர்சிங். 1926இல் நிரந்தரப் படைப்பிரிவு ஆனது. இதையெல்லாம் எனக்கு இரவுச் சாப்பாட்டின்போது சொல்லிப் பார்ப்பாள்.

2019 பிப்ரவரியில்தான் காஷ்மீரில் புல்வாமா தாக்குதல். இறந்துபோன சிஆர்பிஎஃப் வீரர்களில் ஒருவர் தூத்துக்குடி மாவட்டம் சவலாப்பேரிக்காரர். எங்களுக்குப் பக்கம்தான். டிவியில் அந்த வீட்டைக் காட்டினார்கள். என் வீட்டுக்காரி முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "சண்ட வந்தா புள்ளைய அங்க கொண்டு போயிருவாங்களா?" என்று என்னைக் கேட்டாள். ஆஸ்பத்திரியில்தான் வேலை என்றேன். "ஆஸ்பத்திரி எங்க இருக்கும்?" என்றாள். அதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. கையெழுத்துப் போடுகிற நேரம் வந்தால் தான் சம்மதிக்கப் போவதில்லை என்று அன்றைக்கே தீர்த்துச் சொல்லிவிட்டாள்.

எழுத்துத் தேர்வில் தேறினாள்; நேர்காணலுக்கு டெல்லி வரச் சொல்லி அழைப்பு வந்தது. இப்போது நம்மூர்ப் பிள்ளைகள் டெல்லி போவது சர்வசாதாரணம். நாங்கள் இருவரும் சென்னைக்கு மேல் போனதில்லை. கொட்டாரக்கரை அம்மாவின் நம்பர் என்னிடம் இருந்தது. அவர் மகளும் தேறியிருந்தாள். போனில் அவர் முதலில் சொன்னது டிக்கெட்டைப் பற்றியோ இங்கிலீஷைப் பற்றியோ அல்ல. "காது நோக்கணும் சாரே." காதில் குறும்பி அடைத்திருந்தால் மெடிக்கலில் நிறுத்தி வைத்துவிடுவார்களாம். தென்காசி பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். காது டாக்டர் ஒரு பெரிய ஊசிக்குழாயில் வெதுவெதுப்பான தண்ணீரை ஏற்றி உள்ளே பீய்ச்சினார். கிட்னி ட்ரேயை என் கையில் கொடுத்துக் காதுக்குக் கீழே பிடிக்கச் சொன்னார். தண்ணீரோடு வந்து விழுந்ததைப் பார்த்து, "மிலிட்டரிக்கா? அப்ப கரெக்டா வந்திருக்கீங்க," என்றார். பல்லும் பார்க்கச் சொன்னார். எழுத்துத் தேர்வுக்கு ஊர் ஊராகக் கோச்சிங் இருக்கிறது. இந்த மாதிரி விஷயம் வாய்வழியாகத்தான் வருகிறது. மலைக்கு அந்தப் பக்கம் ஒரு தெருவில் நாலு பேர் போய்வந்திருப்பதால் ஐந்தாவது பிள்ளைக்குத் தெரிகிறது. எங்கள் பக்கம் யாரும் போகாததால் யாருக்கும் தெரிவதில்லை. திறமையில் வித்தியாசம் என்று சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

பொதிகையில் சென்னை, அங்கிருந்து தமிழ்நாடு எக்ஸ்பிரஸ். அந்த வருஷம் ஜூனில் டெல்லியின் பாலம் பகுதியில் 48 டிகிரி வரை போனதாகப் பேப்பரில் வந்திருந்தது. நாங்கள் போனபோது அந்த உச்சம் தணிந்திருந்தாலும், தென்காசிக் காற்றில் வளர்ந்த உடம்புக்கு அது அடுப்படிதான். கன்டோன்மென்டில் பேஸ் ஹாஸ்பிடல். பிள்ளைகள் உள்ளே, பெற்றவர்கள் கேட்டுக்கு வெளியே, வேப்பமரத்து நிழலில்.

அந்த நிழலில் கேட்ட பேச்சைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். மீசையை முறுக்கிவிட்ட ஹரியானாக்காரர் ஒருவர், ரிட்டயர்ட் சுபேதார். கொல்லத்து ஆட்டோக்காரர் ஒருவர். பஞ்சாபிலிருந்து தனியாக வந்த ஒரு அம்மா. எனக்கு இந்தி தெரியாது, அவர்களுக்குத் தமிழ் தெரியாது. நடுவில் கொட்டாரக்கரை அம்மா மொழிபெயர்த்தார். என்ன பேசினோம் என்கிறீர்கள்? ஸ்டைபண்டு எவ்வளவு. மெஸ்ஸில் கோதுமையா, அரிசியா. பாண்டை முறித்தால் எவ்வளவு கட்ட வேண்டும். லெஃப்டினண்டுக்குக் கைக்கு எவ்வளவு வரும். தேசத்தைப் பற்றி அந்தப் பட்டாளத்துக்காரர்கூட ஒரு வார்த்தை பேசவில்லை. யாரும் யாரிடமும் எதையும் மறைக்கவில்லை. தன் மகள் நாலாவது பெண் என்று பஞ்சாப் அம்மா சொன்னார், ஒரு கணக்கைச் சொல்வது போல. எல்லோரும் தலையாட்டினோம்.

மத்தியானத்துக்கு மேல் மகள் வெளியே வந்தாள்.

"என்ன கேட்டாங்க?"

"அப்பா என்ன வேலைன்னு கேட்டாங்க. பஸ் கண்டக்டர்ன்னேன். எந்த ரூட்டுன்னு ஒரு மேடம் கேட்டாங்க. அவங்க பத்தனாபுரமாம்."

"வேற?"

"ஏன் மிலிட்டரி நர்சிங்னு கேட்டாங்க."

"என்ன சொன்ன?"

"ஃபீஸ் கெடையாது, படிச்சு முடிச்சா வேல நிச்சயம், ஆபீசர் ரேங்க், அதனாலன்னு சொன்னேன்."

எனக்குப் பகீரென்றது. கோச்சிங் போன பிள்ளைகளெல்லாம் நாட்டுக்குச் சேவை என்று பத்தி பத்தியாக மனப்பாடம் பண்ணி வந்திருக்கிறார்கள். "அவங்க என்ன சொன்னாங்க?" என்றேன்.

"நைட் டியூட்டி பாப்பியான்னு கேட்டாங்க. எங்க அப்பா முப்பது வருஷமா நைட் சர்வீஸும் பாக்காங்கன்னேன். நெக்ஸ்ட்னுட்டாங்க."

மெடிக்கலில் எக்ஸ்ரே, ஸ்கேன், கண், பல், கால் எல்லாம் பார்த்தார்கள். காதையும் பார்த்தார்கள். முட்டி இடிக்கிறது என்று ஒரு பிள்ளையைத் தகுதியில்லை என எழுதிவிட, அவள் அப்பா அப்பீலுக்குத் தாளை நீட்டிக்கொண்டு அங்குமிங்கும் ஓடினார். கொட்டாரக்கரைப் பிள்ளை தேறினாள். என் மகளும் தேறினாள். மெரிட் லிஸ்டில் பேர் வந்தது, இடம் கல்கத்தா, அலிப்பூர் கமாண்ட் ஹாஸ்பிடல். இவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். லிஸ்ட் வருவதற்குக் காத்திருந்த நாட்களைப் பற்றி எழுத எனக்கு ஒன்றுமில்லை, டியூட்டிக்குப் போனேன், வந்தேன்.

பாண்டுப் பத்திரம்தான் வீட்டில் புயலைக் கிளப்பியது. மகள் ஒவ்வொரு வரியாகப் படித்துத் தமிழில் சொன்னாள். வீட்டுக்காரி சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். எங்கள் தெருப் பெண்ணின் ஆஸ்பத்திரி வாங்கியதும் பாண்டுதான், இதுவும் பாண்டுதான். அவளுக்கு இரண்டும் ஒன்று. நான் பார்த்த வித்தியாசத்தைச் சொன்னேன். அங்கே படிப்புக்குக் காசும் அவளே கொடுத்தாள், பிறகு கட்டுப்பட்டும் கிடந்தாள். அந்தக் கட்டும் வேலைக்குச் சேர்ந்த அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. இங்கே அவர்கள் படிக்க வைக்கிறார்கள், பதிலுக்கு இத்தனை வருஷ உழைப்பு என்று விண்ணப்பம் போடும் முன்பே விலையை எழுதி ஒட்டியிருக்கிறார்கள். இனாமாக எதுவும் தரவில்லை. அதனால் யாருடைய காலையும் தொட வேண்டியதுமில்லை. மண்டபத்தில் அந்தப் பெரியவர் கொடுக்க இருந்ததைவிட இது எனக்குக் கௌரவமாகப் பட்டது.

அவள் அதையெல்லாம் கேட்டுக்கொண்டாளா என்று தெரியாது. "சண்ட?" என்று மட்டும் கேட்டாள். மகள்தான் பதில் சொன்னாள்: "யம்மா, சண்ட வந்தா நர்ஸ் இல்லாம இருக்க முடியுமா?" வீட்டுக்காரி கொஞ்ச நேரம் அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பேனாவை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

2023இல் படிப்பை முடித்து லெஃப்டினண்ட் ஆனாள். அதற்குள் அந்த வாசலும் மாறிவிட்டது. 2022 முதல் நீட் எழுதினால்தான் இந்தப் படிப்புக்கு வழி; நீட் மார்க்கோடு ராணுவத்தின் தளத்திலும் தனியாகப் பதிய வேண்டும். டாக்டராக நினைக்கிற பிள்ளைகளுக்கு வைத்த தேர்வை நர்ஸாக நினைக்கிற பிள்ளைக்கும் வைத்ததில் எனக்கு ஒப்புதல் இல்லை. பென்சிலால் எழுதிப் படித்த படிப்பு அதற்குப் போதாது. அந்தக் கோச்சிங்குக்கான பணத்துக்குக் கண்டக்டர் எங்கே போவது?

2024 பிப்ரவரியில் பேப்பரில் ஒரு செய்தி பார்த்தேன். செலினா ஜான் என்ற ராணுவ நர்ஸ் அதிகாரியை, கல்யாணம் செய்துகொண்டார் என்ற காரணத்துக்காக 1988இல் வேலையிலிருந்து அனுப்பியிருக்கிறார்கள். அந்த விதியை 1995இல் எடுத்துவிட்டார்கள். ஆனாலும் அந்த அம்மா வழக்கை விடாமல் நடத்தி, உச்ச நீதிமன்றம் அவருக்கு 60 லட்சம் கொடுக்கச் சொல்லியிருக்கிறது. அதைக் கத்தரித்து மகளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். கட்டைவிரல் ஒன்று பதிலாக வந்தது.

கல்யாணப் பேச்சு இப்போது எங்கள் வீட்டிலும் நடக்கிறது. லெஃப்டினண்ட் என்றால் வருகிறவர்களுக்குச் சந்தோஷம்தான். காபி குடித்து முடித்ததும் மெதுவாக ஆரம்பிப்பார்கள். நைட் டியூட்டி உண்டா? அஸ்ஸாம், காஷ்மீர் என்று மாற்றுவார்களா? கல்யாணத்துக்கப்புறம் வேலையை விட்டுவிடலாம்தானே, மாப்பிள்ளைக்கு நல்ல சம்பளம். போன மாதம் சுரண்டையிலிருந்து வந்தவர்களும் அதையே கேட்டார்கள். நான் என்ன பதில் சொல்லலாம் என்று யோசிப்பதற்குள் அடுக்களை வாசலில் நின்ற வீட்டுக்காரி முந்திக்கொண்டாள்.

"அதெல்லாம் விட முடியாதுங்க. நாங்க பாண்டுல கையெழுத்துப் போட்டிருக்கோம். கவர்மெண்ட் பாண்டு."

பாண்டுக்கு இன்னும் எத்தனை வருஷம் பாக்கி என்று அந்த அம்மா கேட்டார். "அது ரொம்ப இருக்கு," என்றாள் இவள்.